மூன்றாம் பருவம்

"அப்போது நீ சின்னப் பிள்ளை. உனக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது?"

இதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தேன், மணம் முடித்தேன், பிள்ளை பெற்றேன். சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு திரும்பிய உறவினர் சொன்னார்கள். பள்ளி ஆசிரியர் சொன்னார். அவர்கள் கணக்கில், முகாமுக்குப் போய் மீண்டவர்தான் தப்பிப் பிழைத்தவர். கிறிஸ்தவக் குடும்பத்தில் ஒளித்துவைக்கப்பட்ட யூதக் குழந்தை அதிர்ஷ்டசாலி. அதற்குச் சோறு இருந்தது, படுக்கை இருந்தது, தலையைத் தடவ ஒரு கை இருந்தது. இதற்கு மேல் அது எதைப் பற்றிப் பேச வேண்டும்?

ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவர்கள் தேடிய இடத்தில் இல்லை. துப்பாக்கிகளும் தேடுதல் வேட்டைகளும் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். மறக்கவே முடியாதவை, எல்லோரும் கொடி ஏற்றிக் கொண்டாடிய பிறகு வந்த ஆண்டுகள்.

நான் பிறந்தது 1938 நவம்பரில், ஆம்ஸ்டர்டாமில். அப்பா வைரம் பட்டை தீட்டும் தொழிலாளி. அந்த நகரத்து யூதர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை அது. அம்மா வீட்டிலேயே துணி தைத்தாள். 1940 மே 10 அன்று ஜெர்மானியப் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. ரோட்டர்டாமைக் குண்டு போட்டு எரித்தார்கள். ஐந்தாம் நாள் நாடு சரணடைந்தது. எனக்கு ஒன்றரை வயது.

1941 பிப்ரவரி 22, 23 தேதிகளில் யூதர் குடியிருப்பை அடைத்து, கையில் சிக்கிய இளைஞர்களை எல்லாம் யோனாஸ் டானியல் மையர் சதுக்கத்துக்கு இழுத்து வந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்டவர்கள். கைகளை முன்னால் நீட்டிக் குந்தவைத்து, பிறகு லாரியில் ஏற்றினார்கள். அதில் என் அப்பாவும் ஒருவர். இதைப் பொறுக்காமல் பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாமின் ட்ராம் தொழிலாளர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நகரமே நின்றது. யூதர்களுக்காக யூதரல்லாதவர்கள் தெருவில் இறங்கிய அந்த இரண்டு நாட்களைப் பற்றி அம்மா கடைசிவரை தலை நிமிர்ந்துதான் பேசுவாள். ஆனால் பிடித்துச் சென்றவர்களை அது மீட்கவில்லை. பெரும்பாலானவர்களை மவுத்தவுசன் முகாமுக்கு அனுப்பினார்கள். அந்த வருடம் முடிவதற்குள் அப்பாவின் மரணச் செய்தி தபாலில் வந்தது. அப்பாவைப் பற்றி என்னிடம் இருக்கும் ஞாபகம் எதுவும் என்னுடையது அல்ல. எல்லாம் அம்மா சொல்லிக் கேட்டவை.

பிறகு பூங்காக்கள் போயின, நூலகங்கள் போயின, யூதப் பிள்ளைகளுக்குப் பொதுப் பள்ளிகள் போயின. 1942 மே மாதம் மஞ்சள் நட்சத்திரம் வந்தது. ஆறு வயது நிரம்பியவர்கள் எல்லாம் மேலாடையில் தைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த வயது ஆகவில்லை. அம்மா நட்சத்திரத்தின் ஓரங்களை மடித்து, தையல்காரிக்கே உரிய ஒழுங்கோடு தன் கோட்டில் தைத்ததைப் பார்த்து, எனக்கும் ஒன்று வேண்டும் என்று அழுதேனாம். இதையும் அம்மாதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஒருமுறை சிரித்தாள். மறுமுறை சொன்னபோது சிரிக்கவில்லை.

அந்த ஜூலையில் வெஸ்டர்போர்க் இடைமுகாமிலிருந்து கிழக்கே ரயில்கள் ஓடத் தொடங்கின. அம்மாவின் தையல் வேலை ஜெர்மானியர்களுக்குத் தேவைப்பட்டதால், நாடுகடத்தலிலிருந்து தற்காலிக விலக்கு என்று அவள் அடையாள அட்டையில் ஒரு முத்திரை இருந்தது. 1943 வசந்தத்தில் அந்த முத்திரையும் செல்லாமல் போனது. ஒரு மாலை எங்கள் இருவரையும் அழைத்துச் சென்றார்கள்.

*

ப்ளான்டாஹே மிடன்லான் தெருவில் ஒரு நாடக அரங்கம் இருந்தது. மாலை உடை அணிந்து ஆம்ஸ்டர்டாம்காரர்கள் நாடகம் பார்க்க வந்த இடம். பிடிபட்ட யூதர்களை ரயில் ஏற்றும்வரை அடைத்துவைக்கும் கூடமாக அதை மாற்றியிருந்தார்கள். 1942 கோடையிலிருந்து 1943 இலையுதிர்காலம் வரை ஏறத்தாழ 46,000 பேர் அதன் வழியாகப் போனார்கள். குழந்தைகளின் அழுகை காவலர்களுக்குத் தொல்லையாக இருந்ததால், தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த யூதக் குழந்தைகள் காப்பகத்துக்கு அவர்களை மாற்றினார்கள். பெற்றோர் அரங்கில், பிள்ளைகள் எதிர்வீட்டில், நடுவில் ட்ராம் தண்டவாளம்.

அந்தக் காப்பகத்தை நடத்தியவர் ஹென்ரியெட் பிமென்டல். அரங்கத்தின் நிர்வாகத்தை ஜெர்மானியர்கள் வால்டர் சூஸ்கிண்ட் என்ற யூதரிடம் விட்டிருந்தார்கள். காப்பகத்துக்குப் பக்கத்துச் சுவர், புராட்டஸ்டன்ட் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. அதன் தலைவர் யோஹான் ஃபான் ஹுல்ஸ்ட். இந்த மூவரும், காப்பகத்தின் இளம் செவிலியரும், மாணவர் குழுக்களும் சேர்ந்து செய்த வேலைக்குச் சாட்சியாக இன்று நான் இருக்கிறேன். சூஸ்கிண்டும் அவருடைய உதவியாளரும் பதிவேட்டிலிருந்து குழந்தையின் அட்டையை எடுத்துவிடுவார்கள். காகிதத்தில் இல்லாத குழந்தையை யாரும் எண்ணமாட்டார்கள். பிறகு அந்தக் குழந்தை கூடையிலோ முதுகுப்பையிலோ தோட்டத்து வேலியைத் தாண்டியோ வெளியேறும். ட்ராம் வந்து நின்று காவலரின் பார்வையை மறைக்கும் நொடிகளில் வாசல் வழியாகவே சிலர் போனதும் உண்டு.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பெற்றவளின் சம்மதம் வேண்டும். செவிலி ஒருத்தி அரங்கத்துக்குள் வந்து, மற்றவர் காதில் விழாமல் கேட்பாள். எங்கே கொண்டுபோவார்கள் என்று சொல்லமாட்டாள், அவளுக்கே தெரியாது. எப்போது திரும்பக் கிடைக்கும் என்ற கேள்விக்கும் பதில் இல்லை. பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்று பல தாய்மார் மறுத்தார்கள். ரயில் போய் நிற்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று அவர்களில் யாருக்கும் தெரியாதபோது அது நியாயமான பதில்தான். என் அம்மாவுக்கு இருபத்தேழு வயது. சம்மதித்தாள்.

என்னை வேலிக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்ததும், யாரோ ஒருவரின் கரடுமுரடான கோட்டில் என் கன்னம் உரசியதும் நினைவிருக்கிறது. அம்மாவின் முகம் நினைவில்லை. அப்படி மீட்கப்பட்ட குழந்தைகள் சுமார் 600 பேர். மீட்க முடியாமல் அனுப்பப்பட்டவர்கள் பல ஆயிரம். பிமென்டல் 1943-இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அந்தச் செப்டம்பர் இறுதியில் காப்பகத்தையும் காலி செய்தார்கள். சூஸ்கிண்டின் மனைவியும் மகளும் ஆஷ்விட்ஸில் மாண்டார்கள். போர் முடியும் தறுவாயில் அவரும் இறந்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பதிவேட்டிலிருந்து அழித்தவருக்குத் தன் மகள் பெயரை அழிக்க வழியில்லாமல் போனது.

*

ஒரு கல்லூரி மாணவி என்னை ரயிலில் தெற்கே கூட்டிப்போனாள். அவள் பெயரை எனக்குச் சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்பது விதி. யாப் முஸ்ஸும் யோப் வோர்ட்மனும் முன்னின்று நடத்திய குழு ஒன்று ஆம்ஸ்டர்டாம் குழந்தைகளை லிம்பர்க் மாகாணத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவர்களால் பிழைத்தார்கள். அந்த இரண்டு ஆண்களும் போரின் முடிவைப் பார்க்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்த ஊர் ட்ரேபேக். நெதர்லாந்தின் தென்கோடி, நிலக்கரிச் சுரங்க நாடு. சுற்றிலும் கத்தோலிக்கர்கள். நடுவே, வடக்கிலிருந்து சுரங்க வேலைக்காகக் குடியேறிய புராட்டஸ்டன்ட் தொழிலாளர் குடும்பங்கள். ஊருக்குள் புதியவர்கள் என்பதாலேயே அவர்கள் ஒருவருக்கொருவர் நெருக்கமாக இருந்தார்கள். போதகர் ஒருவர் சொன்னால் கதவு திறந்தது. என்னை ஏற்றுக்கொண்ட வீட்டில் ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். ரோட்டர்டாமில் குண்டுவீச்சில் வீடிழந்த அண்ணன் மகள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ஆகவே அவர் மாமா, அவள் அத்தை. எனக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். ஆம்ஸ்டர்டாமைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. நான்கரை வயதுப் பிள்ளை இந்த விதிகளைக் கற்றுக்கொண்ட வேகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது.

மாமா அரசுச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். சுரங்கத்திலேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஆனாலும் இமையோரத்துக் கரி போகாது, கண்ணுக்கு மை தீட்டியதுபோல் இருக்கும். சாப்பாடு முடிந்ததும் யாரும் எழக் கூடாது. அவர் பைபிளைத் திறந்து, நேற்று விட்ட இடத்திலிருந்து வாசிப்பார். யாத்திராகமம் வந்தபோது, நாணற்பெட்டியில் விடப்பட்ட மோசேயின் கதையைக் கேட்டேன். குழந்தையை எடுத்து வளர்த்தவள் பார்வோனின் மகள், பாலூட்டக் கூலிக்கு வந்தவள் பெற்ற தாய். "அப்புறம் அந்தம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார்களா?" என்று கேட்டேன். மாமா புத்தகத்தை மூடிவிட்டு, "நாளைக்குப் படிப்போம்" என்றார். பிறகு அந்த இடத்தை அவர் வாசித்ததாக நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் தேவாலயம். நீண்ட பிரசங்கத்தைத் தாண்டப் பிள்ளைகளுக்குப் புதினா மிட்டாய் கொடுக்கும் வழக்கம். போர்க்காலத்தில் மிட்டாய் கிடைக்காமல், அத்தை ஒன்றை உடைத்து நான்கு பேருக்குக் கொடுப்பாள். நான்கு துண்டும் ஒரே அளவு இருக்கும். அவள் என் மேல் வைத்த அன்பை வேறு வார்த்தைகளில் எனக்கு விளக்கத் தெரியாது. ஒருமுறை தெருவில் தேடுதல் நடந்தபோது பின்கட்டுக் கரிக் கொட்டகையில், குவியலுக்குப் பின்னால் என்னைப் படுக்கவைத்து மேலே சாக்கைப் போட்டார்கள். வாயெல்லாம் கரித்தூள். அன்று பயந்தேனா தெரியவில்லை, அந்த ருசி மட்டும் போகவில்லை.

ஒரு வருடத்துக்குள் அத்தையை அம்மா என்று கூப்பிடத் தொடங்கினேன். யாரும் சொல்லித் தரவில்லை. அவளும் திருத்தவில்லை.

*

1944 செப்டம்பர் நடுவில் அமெரிக்கப் படை லிம்பர்க்கின் தெற்கை விடுவித்தது. வடக்கே ஆம்ஸ்டர்டாமில் அந்தக் குளிர்காலம் முழுவதும் மக்கள் பசியால் செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே விடுதலை வர 1945 மே ஆனது. நடுவில் எட்டு மாதம், நான் யாருடைய பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் அவசரப்படவும் இல்லை.

அம்மாவை அரங்கத்திலிருந்து ஃபுக்ட் முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஃபிலிப்ஸ் நிறுவனம் ஒரு பட்டறை நடத்தியது. தையல் ஊசி பிடித்த விரல்களுக்கு ரேடியோ வால்வு பொருத்தும் வேலை கிடைத்தது, தினமும் ஒரு வேளை சூடான சாப்பாடும். 1944 ஜூன் தொடக்கத்தில் அந்தப் பட்டறையின் யூதத் தொழிலாளர்களை ஆஷ்விட்ஸுக்கு ஏற்றினார்கள். கைகளில் எண் குத்தினார்கள். ஆனால் பயிற்சி பெற்ற கைகள் என்பதால், பெண்களை ரைகன்பாக் என்ற ஊரில் இருந்த டெலிஃபுங்கன் ஆலைக்கு மாற்றினார்கள். ரஷ்யப் படை நெருங்கியபோது பனியில் நடத்தியும் சரக்கு ரயிலில் அடைத்தும் மேற்கே விரட்டினார்கள். 1945 மே மாதம், செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு அம்மா ஸ்வீடன் போய்ச் சேர்ந்தாள். நெதர்லாந்திலிருந்து கொண்டுபோன ஏறத்தாழ 1,07,000 யூதர்களில் திரும்பியவர்கள் சுமார் 5,000 பேர். அவர்களில் ஒருத்தியாக அந்த இலையுதிர்காலத்தில் ட்ரேபேக்கின் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

எனக்கு ஏழு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. குட்டை முடியோடு, பெரிய கோட்டுக்குள் மெலிந்து நின்ற அந்தப் பெண்ணை எனக்குத் தெரியவில்லை. என் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் அத்தையின் பின்னால் போய் நின்றுகொண்டேன். "நீங்கள் யார்?" என்று கேட்டேன். அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் நகர்த்தினாள். அந்தக் கையின் நடுக்கம் தெரிந்தது.

ட்ரேபேக்கை விட்டுப் போன அன்று ஹேர்லன் ரயில் நிலையம் முழுக்கக் கேட்கும்படி அழுதேன். மாமா மட்டும் வழியனுப்ப வந்தார், அத்தை வரவில்லை. போர் முடிந்துவிட்டது, தாய் உயிரோடு வந்துவிட்டாள், இந்தப் பிள்ளை எதற்கு அழுகிறது என்று ரயில்பெட்டியில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதல் முறை என்னை அம்மாவிடமிருந்து பிரித்ததற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்துக்குச் சீருடை இருந்தது. இரண்டாம் முறை அப்படி இல்லை. கோபப்பட ஆளே இல்லாத பிரிவு அது.

*

ஆம்ஸ்டர்டாமில் எங்கள் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. ஒரு வாடகை அறையில் தங்கினோம். நாடுகடத்தலுக்கு முன் பக்கத்துவீட்டுக்காரி ஒருத்தியிடம் அம்மா சில சாமான்களைக் கொடுத்து வைத்திருந்தாள். அந்தப் பெண் தையல் இயந்திரத்தைத் திருப்பித் தந்தாள். பாத்திரம், படுக்கைத் துணி எதுவும் தன்னிடம் தரப்படவில்லை என்றாள். அவள் ஜன்னலில் தொங்கிய திரையின் கரை மடிப்பைப் பார்த்தே அது தன் கைத்தையல் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் பின்னால் அதன் மரப்பெட்டியைச் சுமந்து வந்தேன்.

பழைய யூதர் குடியிருப்பில் தெருக்கள் பல்லிழந்து கிடந்தன. ஆட்கள் இல்லாத வீடுகளின் தரைப்பலகை, படிக்கட்டு, உத்தரம் எல்லாவற்றையும் பசிக் குளிர்காலத்தில் பிடுங்கி அடுப்பெரித்திருந்தார்கள். தாங்க மரமில்லாமல் சுவர்கள் சரிந்துவிட்டன. அந்த இடிபாடுகளில்தான் விளையாடினோம். இது என் மாமன் வீடு, அது என் தாத்தா வீடு என்று அம்மா காட்டிய இடங்களில் வானம்தான் தெரிந்தது.

சாப்பாட்டு மேசையில் நான் கைகூப்பி இயேசுவின் பெயரால் ஜெபம் செய்வேன். அம்மா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போவாள். அவள் எந்தக் கடவுளிடமும் ஜெபிக்கவில்லை. ரொட்டித் துண்டுகளைத் துணிக்குள் சுற்றித் தலையணைக்கு அடியில் வைப்பாள். எனக்கு அது அசிங்கமாகப் பட்டது, நான் பட்டினி கிடந்ததில்லை. நடக்கும்போது என் கையைப் பிடிக்க மாட்டாள், பிடித்தால் விடமாட்டாள். "எனக்கு வீட்டுக்குப் போகணும்" என்று அழுவேன். "இதுதான் வீடு" என்பாள். பிறகு இரவு வெகுநேரம் தையல் இயந்திரம் ஓடும். தைக்கத் துணியில்லாத இரவுகளிலும் அது ஓடியது.

ட்ரேபேக்கிலிருந்து கடிதங்கள் வந்தன. அம்மா அவற்றை என்னிடம் தரவில்லை, கிழித்துப் போடவும் இல்லை. மேசை இழுப்பறையில் உறை பிரிக்காமல் அடுக்கிவைத்தாள். அவளுக்கு மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். அந்த ஒருத்தியும் வேறொருத்தியைத்தான் அம்மா என்று தூக்கத்தில் கூப்பிட்டாள். ஆஷ்விட்ஸைத் தாங்கிய பெண் அதைத் தாங்க முடியாமல் திணறியதை இப்போது என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. எட்டு வயதில் முடியவில்லை.

1946 முடிந்து 1947 தொடங்கிய குளிர்காலம் ஐரோப்பா முழுவதையும் உறையவைத்தது. நிலக்கரிக்குப் பங்கீட்டு அட்டை, அட்டைக்குக் கரி இல்லை. ஒரு காலை சரக்கு நிலையத்திலிருந்து ஆள் வந்து ஒரு சாக்கு மூட்டையை வாசலில் இறக்கினான். சுரங்கத் தொழிலாளிக்கு வீட்டு உபயோகத்துக்குக் கொடுக்கும் கரி. சாக்கில் தைத்திருந்த அட்டையில் மாமாவின் கட்டை எழுத்தில் அம்மாவின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. யாருக்கு அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மாலையில் அடுப்பு எரிந்தது. அன்றிரவு தாள் எடுத்து நன்றி எழுதினாள், இழுப்பறையைத் திறந்து கடிதங்களை என் மடியில் போட்டாள். அடுத்த கோடை விடுமுறைக்கு என்னை ஹேர்லன் ரயிலில் ஏற்றிவிட்டாள், தனியாக, கழுத்தில் முகவரி அட்டையோடு.

அத்தை கதவைத் திறந்ததும் முதலில் கேட்டது, "உங்கம்மா எப்படி இருக்கிறாள்?" அன்று முதல் அவளை அத்தை என்றே கூப்பிடும்படி அவளே சொன்னாள். பிறகு ஒவ்வொரு கோடையும் அப்படியே. அந்த இரண்டு பெண்களும் தோழிகள் ஆகிவிடவில்லை. ஆனால் கடிதம் எழுதிக்கொண்டார்கள்: என் காலணி அளவு, பேன், கணக்குப் பாடத்தில் மதிப்பெண், வயதுக்கு வந்த செய்தி. பாசத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. தபாலில் பேசிப் பேசியே இரண்டு பேருமாக ஒரு பிள்ளையை வளர்த்தார்கள். அம்மா என்னை யூதப் பள்ளியில் சேர்த்தாள். வெள்ளி மாலை மெழுகுவத்தி ஏற்றத் தொடங்கினாள். அத்தை அதற்கேற்ற மாதிரி, நான் போகும்போது பன்றி இறைச்சி சமைப்பதை நிறுத்தினாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை.

*

என் வகுப்புத் தோழிகள் பலருக்கு வாசலில் வந்து நிற்க யாரும் இல்லை. நெதர்லாந்தில் ஒளிந்து பிழைத்த யூதக் குழந்தைகளில் ஏறத்தாழ 2,000 பேர் அனாதைகள். அவர்களை என்ன செய்வது என்று முடிவுசெய்ய 1945 ஆகஸ்டில் அரசு ஒரு ஆணையம் அமைத்தது. தலைவர் கெசினா ஃபான் டெர் மோலன், எதிர்ப்பியக்கத்தில் உயிரைப் பணயம் வைத்த சட்ட அறிஞர், உறுதியான கிறிஸ்தவர். காப்பாற்றிய குடும்பத்தோடு பிணைந்துவிட்ட பிள்ளையைப் பிடுங்கக் கூடாது என்று ஒரு தரப்பு. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அழிந்துபோன ஒரு சமூகத்தின் மிஞ்சிய பிள்ளைகளை மதம் மாற்றி முடித்துவிடாதீர்கள் என்று யூதத் தரப்பு. இரண்டிலும் நியாயம் இருந்தது. நீதிமன்றங்களிலும் செய்தித்தாள்களிலும் வருடக்கணக்காக வாதாடினார்கள். நடுவில் குழந்தை ஒரு வீட்டிலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து உறவினரிடமும், அங்கிருந்து இன்னொரு விடுதிக்கும் மாறிக்கொண்டே இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, தன் பையைக் கடைசிவரை பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். எப்படியும் மறுபடி கட்டவேண்டியதுதானே என்பாள்.

நான் பெரியவளாகிக் குழந்தைகள் நலத்துறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் 1979-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தேன். எழுதியவர் ஹான்ஸ் கைல்சன், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து நெதர்லாந்தில் ஒளிந்து பிழைத்த யூத மருத்துவர். போருக்குப் பின் அனாதைப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்தவர். அவர்களில் 204 பேரைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்து ஆராய்ந்திருந்தார். அவர்கள் பட்ட துன்பத்தை மூன்று பருவங்களாகப் பிரித்தார்: ஆக்கிரமிப்பும் அச்சமும் தொடங்கிய காலம், பெற்றோரைப் பிரிந்து ஒளிந்தோ முகாமிலோ கழித்த காலம், போருக்குப் பிந்தைய காலம். அவர் கண்டது இதுதான். இரண்டாம் பருவத்தைக் கொடுமையாகக் கழித்தும் மூன்றாம் பருவத்தில் நல்ல சூழல் அமைந்த பிள்ளைகள், பிற்காலத்தில் ஓரளவு தேறியிருந்தார்கள். இரண்டாம் பருவம் பரவாயில்லாமல் கழிந்தும் மூன்றாம் பருவம் மோசமாக அமைந்தவர்கள் அவர்களைவிட அதிகம் சிதைந்திருந்தார்கள்.

அந்தப் பக்கத்தை அலுவலக மேசையில் திரும்பத் திரும்பப் படித்தேன். பையைப் பிரிக்காத தோழிக்கு என்ன நேர்ந்தது என்று ஒருவர் கணக்கெடுத்திருக்கிறார். நான் ஏன் பிழைத்தேன் என்பதற்கும் அதில் விடை இருந்தது. என்னைக் காப்பாற்றியது வேலிக்கு மேல் தூக்கிக் கொடுத்த கை என்றால், என்னை மறுபடி மனுஷியாக்கியது அந்தக் கரி மூட்டை.

1991 மே மாதம் நியூயார்க்கில், ஒளித்துவைக்கப்பட்ட குழந்தைகளின் முதல் சர்வதேசச் சந்திப்பு நடந்தது. 1,600 பேர் வந்திருந்தோம். ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள். போலந்துக் கன்னிமாடங்களில் இருந்தவர்கள், பிரெஞ்சுப் பண்ணைகளில் இருந்தவர்கள், பெல்ஜியத்து விடுதிகளில் இருந்தவர்கள். முன்பின் தெரியாதவர்கள் காபிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "உன்னை எப்போது திருப்பி எடுத்துப்போனார்கள்?" எப்போது ஒளிந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

*

மாமா வேலைபார்த்த நாட்டின் சுரங்கங்கள் 1965-க்குப் பிறகு ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1974 முடிவில் கடைசிச் சுரங்கமும் நின்றது. மாமாவின் நுரையீரலில் தூசி தங்கிவிட்டது. அவர் இறந்தபோது செய்தித்தாளில் வந்த மரண அறிவிப்பில், மூன்று பிள்ளைகளின் பெயருக்குக் கீழே நான்காவதாக என் பெயரும் இருந்தது. ட்ரேபேக்கில் வைத்த பெயர் அல்ல, அம்மா வைத்த பெயர். அம்மாவும் அடக்கத்துக்கு வந்தாள். தேவாலயத்தில் பிரசங்கம் நீண்டபோது, அத்தை தன் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

அடுத்த வருடம் அம்மா எனக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். யூதர்களைக் காப்பாற்றிய பிற மதத்தவரை எருசலேமின் யாத் வாஷெம் நினைவகம் 1963 முதல் கௌரவித்து வருகிறது. நெதர்லாந்துக்காரர்கள் மட்டும் ஆறாயிரத்துக்கு அருகில் வருவார்கள். அதற்கு மீட்கப்பட்டவரின் தரப்பிலிருந்து சாட்சியம் வேண்டும். அந்தச் சாட்சியத்தை அம்மா எழுதினாள். தான் பார்த்திராத இரண்டு வருடங்களைப் பற்றி எழுத அவளிடம் அத்தையின் கடிதங்களும் நான் அழுது சொன்னவையும் இருந்தன. போர்க்காலத்தைப் பற்றி அதிகம் பேசாதவள், மூன்று பக்கம் எழுதியிருந்தாள். கடைசிப் பத்தியில், "என் மகளைப் பாதுகாத்ததற்காக மட்டும் அல்ல, திருப்பித் தந்ததற்காகவும் இவர்களைக் கௌரவிக்க வேண்டும்" என்று முடித்திருந்தாள்.

2021 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் பெயர்களின் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்தது. கல்லறை இல்லாத 1,02,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு செங்கல்: பெயர், பிறந்த நாள், இறந்தபோது வயது. அப்பாவின் கல்லைத் தேடிப் பிடித்தேன். என் பேரனைவிட இளையவர். அடுத்த மூன்று ஆண்டில், 2024 மார்ச்சில், அந்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக் கட்டடத்திலேயே தேசிய ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகமும் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். வேலியின் உயரம் என்ன, ட்ராம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விகள், சொல்கிறேன். பிறகு 1945-க்குப் பிந்தைய கதையைத் தொடங்கினால் ஆசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். போர் முடிந்த இடத்தில் பாடம் முடிகிறது.

நலத்துறையில் இருந்த காலம் முழுவதும் என் மேசைக்குப் பல நாட்டுப் போர்களிலிருந்து வந்த பிள்ளைகளின் கோப்புகள் வந்தன. வளர்ப்பு வீட்டிலிருந்து சொந்தத் தாயிடமோ உறவினரிடமோ திருப்பி அனுப்பும்போது எல்லோரும் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். நான் மூட விடமாட்டேன். வளர்த்தவர்களின் முகவரி பிள்ளையின் பையில் இருக்கிறதா, பெற்றவளிடம் அவர்களை நேரில் அறிமுகம் செய்தீர்களா, முதல் விடுமுறைக்கு ரயில் செலவை யார் கொடுப்பது என்று கேட்பேன். இந்த மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகுதான் என் கையெழுத்து. இளைய அலுவலர்கள் இதைக் கிழவியின் பிடிவாதம் என்றார்கள். ஓய்வு பெறும் நாளில் அவர்களிடம் நான் கேட்டுக்கொண்டது, அந்த மூன்று கேள்விகளையும் படிவத்திலேயே அச்சடித்துவிடுங்கள் என்பதுதான்.